பெலும், துவான்

பக்கிரிசாமி எதையும் முடிந்துவிட்டது என்று சொன்னதே இல்லை. அவரோடு பழகிய எல்லோருக்கும் இது தெரியும். தட்டை வழித்துவிட்டு, விரலில் மோர் சொட்ட எழுந்துகொண்டிருப்பார், "சாப்பிட்டாச்சா?" என்று யாராவது கேட்டால் "இன்னும் கொஞ்சம் இருக்கு" என்பார். மூத்த மகள் கல்யாணத்துக்கு வர முடியாத ஒருவர், இரண்டு வருஷம் கழித்து பாக்கார் ஆராங் கடைத்தெருவில் அவரை வழிமறித்து, "கல்யாணம் நல்லபடியா முடிஞ்சுதாண்ணே?" என்று விசாரித்தார். மகள் இடுப்பில் பிள்ளையோடு பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தாள். "நடந்துக்கிட்டு இருக்குலா" என்றார் பக்கிரிசாமி. வெள்ளையடிக்கப் போன வீட்டில் கடைசி நாள் ஒரு சாண் சுவரை விட்டுவிட்டு வருவார். மறுநாள் போய் அதை அடித்துவிட்டு ஒரு ஜன்னல் கம்பியை விட்டுவிட்டு வருவார்.

"இந்த மனுசன் செத்தாக்கூட பாதிதான் சாவாரு" என்பாள் அவர் மனைவி மருதம்மாள்.

இது பிறவிக் குணம் அல்ல. ஜப்பான்காரன் காலத்தில், ஒன்றரை அடி நீளமுள்ள ஒரு தகர எஞ்சினிடமிருந்து அவருக்கு ஒட்டிக்கொண்டது.

அப்போது அவருக்கு முப்பது வயது. மலாய் நாட்டில், சிடாம் கிரிக்குப் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பெயின்ட்காரர். மரங்களுக்கு எண் போடுவது, ரப்பர் பால் வாளிகளில் ஆள் எண் எழுதுவது, ஆபீஸ் ஜன்னலுக்குப் பச்சை பூசுவது எல்லாம் அவர் கைதான். அந்தத் தோட்டத்தில் ஒரு சின்ன டீசல் எஞ்சின் இருந்தது. ரப்பர் ஷீட் ஏற்றிய நாலைந்து வண்டிகளை இழுத்துக்கொண்டு, பால் ஸ்டோரிலிருந்து ஆற்றங்கரைப் படகுத்துறை வரை நாலு மைல் ஓடும். அதை ஓட்டியவர் இருளப்பன், மருதம்மாளின் அண்ணன். ஊரில் நடந்துபோகிறவர்கள் அந்த எஞ்சினை முந்திக்கொண்டு போவார்கள். ஆனாலும் அதில் உட்கார்ந்திருக்கும்போது இருளப்பன் யாரையும் திரும்பிப் பார்க்கமாட்டார். தலையில் துண்டு, கன்னத்தில் ஒதுக்கிய வெற்றிலை, கை நெம்புகோலில், பார்வை நேராகச் சுங்கை பட்டாணி டவுனைத் தாண்டி எங்கோ இருக்கும்.

அந்த எஞ்சினை விற்ற கம்பெனி, அதே மாதிரியில் ஒன்றரை அடிக்கு ஒரு சின்ன எஞ்சினையும் செய்து வெள்ளைக்காரத் துரைக்குக் கொடுத்திருந்தது. சண்டை வந்து துரை சிங்கப்பூருக்கு ஓடியபோது வேட்டைத் துப்பாக்கியை எடுத்துக்கொண்டார், நாயை எடுத்துக்கொண்டார், மாதிரி எஞ்சினை அலமாரிக்குள் மறந்துவிட்டார். ஈரத்தில் அது பெயின்ட் உரிந்து, சொறி பிடித்த மாதிரி கிடந்தது.

பிறகு பங்களாவுக்குத் துரையாக வந்த ஜப்பான்காரர் நிஷிமுரா. தோட்டத்தார் வாயில் அந்தப் பெயர் நாலு நாளில் நிசிமுறம் ஆகி, ஒரு வாரத்தில் வெறும் முறம் ஆயிற்று. அவர் தன் நாட்டில் ரயில்வேக்குப் படம் வரைகிற வேலையில் இருந்தவர் என்று ஆபீஸ் கணக்குப் பார்க்கிற கிராணி அருளம்பலம் சொன்னார். அருளம்பலம் யாழ்ப்பாணத்துக்காரர். வெள்ளைக்காரனிடமும் கிராணியாக இருந்தார், ஜப்பான்காரனிடமும் இருந்தார்; இரண்டு ஆட்சியிலும் அவர் சட்டை மடிப்பு கலையவில்லை. 1943 தொடக்கத்தில் ஒரு நாள் நிஷிமுரா அலமாரியைத் திறந்தார். எஞ்சினைப் பார்த்தார். பக்கிரிசாமியைக் கூப்பிட்டனுப்பினார்.

பெயின்ட் அடிக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் பெயின்ட் எங்கே இருந்தது? சுங்கை பட்டாணிக் கடைகளில் காலி டின்தான் இருந்தது. பக்கிரிசாமி ரப்பர் கொட்டையை இடித்து எண்ணெய் எடுத்தார். மெல்லிசாகப் பூசினால் அது காய்ந்து பிடித்துக்கொள்ளும். விளக்குக் கரி கறுப்பாயிற்று. ஆபீஸ் ஜன்னலுக்குப் பூசிய பழைய டின்னின் அடியில் கல்லாகக் கிடந்ததைச் சுரண்டி, எண்ணெயில் இளக்கிப் பச்சை எடுத்தார். முன்பக்கத் தாங்கு கட்டைக்குச் சிவப்பு வேண்டியிருந்தது. செங்கல் தூளில் கொஞ்சம், மருதம்மாளின் குங்குமச் சிமிழில் கொஞ்சம். மூன்று வாரத்தில் எஞ்சின் பளபளவென்று ஆனது.

இருளப்பன் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"என்னா மாப்ள இது, பொண்ணு பாக்கப் போறவன் மாதிரி மினுக்குது? என் வண்டி இம்புட்டு அழகு இல்லியே."

"ஒங்க வண்டி அழுக்கு மச்சான். ஓட்டுறவர மாதிரி."

"ஓட்டுறவன் எங்க இதுல? சீட்டு காலியாக் கெடக்கு."

"சீட்டுன்னு ஒண்ணு இருக்கிறதே இன்னிக்குத்தான் பாத்தேன்" என்றார் பக்கிரிசாமி.

அதற்கு அடுத்த நாள் லாரிகள் வந்தன. தண்டவாளத்தைப் பெயர்த்தார்கள். எஞ்சினைச் சங்கிலி போட்டுத் தூக்கினார்கள். சயாமில் ஜப்பான்காரன் போடுகிற ரயில் பாதைக்கு இதெல்லாம் வேண்டுமாம். எஞ்சினோடு ஓட்டுகிறவரும் போக வேண்டுமாம். மூன்று மாதம் என்று அருளம்பலம் காகிதத்தைப் பார்த்து வாசித்தார். இருளப்பன் லாரியில் தன் எஞ்சினுக்குப் பக்கத்தில், அதன் காவலுக்குப் போகிறவர் மாதிரி ஏறி நின்றார். மருதம்மாள் அழுதாள். அவள் அழுவதைப் பார்க்க முடியாமல் அவர் மைத்துனனைச் சீண்டினார்.

"மாப்ள, அந்தக் குட்டி வண்டியில என்னைச் செஞ்சு ஒக்கார வையி. ஓட்டுறவன் இல்லாத வண்டி எங்க போவும்? வந்து பாப்பேன்."

"வைக்கிறேன் மச்சான். ஒங்க தங்கச்சி மேல சத்தியம்."

"ஏன், என் தங்கச்சி தலைதான் கெடச்சிச்சா? ஒன் தலையில கைய வையி."

பக்கிரிசாமி தன் தலையில் கை வைத்தார். லாரி நகர்ந்தது. அந்தக் கையை எப்போது எடுப்பது என்று தெரியாமல், லாரி வளைவில் மறையும் வரை அப்படியே நின்றார்.

பளபளத்த எஞ்சினைத் துணியில் சுற்றிக்கொண்டு அவர் பங்களாவுக்குப் போன காலையில் அருளம்பலம் வழியில் நிறுத்தினார்.

"பக்கிரி, ஒண்டு சொல்லுறன், குழம்பாதையும். சயாமுக்கு இன்னும் பதினைஞ்சு பேர் கேட்டிருக்கினம். உம்மடை பேரும் அதிலை இருக்கு. எஞ்சின் வேலை முடியட்டும் எண்டு துரை நிப்பாட்டி வைச்சிருக்கிறார்."

"முடிஞ்சா?"

"முடிஞ்சால் லொறியிலை ஏற வேண்டியதுதான்."

"ஐயா, முடிச்சுத்தான கொண்டு போறேன்."

அருளம்பலம் துணி மூட்டையைப் பார்த்தார், மனுஷனைப் பார்த்தார். "அது உம்மடை கெட்டித்தனம்" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

சயாம் போன எவரிடமிருந்தும் அதுவரை ஒரு கடிதமும் வரவில்லை. அந்தப் பக்கம் மழையும் காலராவும் மனிதர்களை வாரிக்கொண்டு போகிறது என்று ரயில்வே ஆள் ஒருவர் சொன்ன பேச்சு மட்டும் வந்திருந்தது. பக்கிரிசாமி மூட்டையோடு பங்களாப் படியேறினார்.

நிஷிமுரா துணியைப் பிரித்தார். எஞ்சினை மேஜையில் வைத்தார். "சுடா?" என்றார்.

மலாயில் அதற்கு முடிந்ததா என்று அர்த்தம். பக்கிரிசாமிக்கும் மலாய் தெரியும். ஆனால் இடுப்பில் துப்பாக்கி வைத்திருக்கிற ஒருவன் உன்னை நேராகப் பார்த்துச் "சுடா" என்றால் தமிழ்க் காதுக்கு மலாய் அர்த்தம் இரண்டாவதாகத்தான் வரும். பயத்தில் அவர் வாய் தானாகச் சொன்னது: "பெலும், துவான்." இன்னும் இல்லை, ஐயா.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று உறைத்தது. முகம் பார்க்கலாம் போல எஞ்சின் மின்னிக்கொண்டிருந்தது. எதை வைத்து இன்னும் இல்லை என்பது?

நிஷிமுரா எஞ்சினைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "மைனான்" என்றார். விளையாட்டுப் பொம்மை. லாரியில் ஏறிப்போன நிஜ எஞ்சின் நின்ற திசையைக் கையால் காட்டினார். பக்கிரிசாமியின் கறை படிந்த சட்டையைப் பிடித்து எஞ்சின் மேல் வைத்துக் காட்டினார். "கோத்தோர்" என்றார். அழுக்கு. "கோத்தோர் பெலும்."

இத்தனை வருஷத் தொழிலில் அழுக்காக்கச் சொல்லி யாரும் அவரைக் கேட்டதில்லை. சந்தோஷத்தில் கீழே இறங்கும்போது ஒரு படியைத் தவறவிட்டார்.

முதல் வாரம் சேற்றைக் குழைத்து எஞ்சின் முழுக்கப் பூசிக்கொண்டு போனார். நிஷிமுரா அதைப் பார்த்துவிட்டு வாளித் தண்ணீரைக் காட்டினார். கழுவினார். மறுபடி பூசினார், மறுபடி கழுவினார். மூன்றாவது முறை கழுவும்போது மருதம்மாள்தான் கேட்டாள்:

"அண்ணன் வண்டி எருமை மாதிரி சேத்துலயா பொரண்டுச்சு? எங்கெங்க அழுக்கு இருக்குமோ அங்கதான இருக்கும்."

அதிலிருந்துதான் வேலை ஆரம்பமாயிற்று. அழுக்குக்கு ஒரு இடமும் ஒரு காரணமும் இருந்தது. இருளப்பன் புனல் இல்லாமல் டீசல் ஊற்றுவார். அதனால் தொட்டி மூடிக்குக் கீழே கறுப்பாக ஒரு வழிசல். கரியை எண்ணெயில் நீர்க்கக் கரைத்து மூடியடியில் ஒரு சொட்டு விட்டால் அது தன் வழியில் தானே இறங்கியது. அதே கரைசலைப் பக்கத் தகடு முழுக்கப் பூசி உடனே துணியால் துடைத்தால், ஆணித் தலைகளைச் சுற்றியும் தகடு சேரும் இடுக்கிலும் மட்டும் கறுப்பு தங்கிற்று. தூரிகையைத் துடைத்து, ஏறக்குறையக் காய்ந்த பிறகு ஓரங்களில் தேய்த்தால், கையும் காலும் பட்டுப் பட்டுத் தேய்ந்த இரும்பு எட்டிப்பார்த்தது. துருவுக்கு அவர் ஆணிகளைப் பால் உறையவைக்கிற அமிலத்தில் ஊறப்போட்டார். இரண்டு நாளில் நிஜத் துருவே கிடைத்தது.

ஆனால் ஒரு வாரத்துக்கு ஒரு அழுக்குதான். அதில் கண்டிப்பாக இருந்தார். ஒரே வாரத்தில் இரண்டு அழுக்கு கைக்கு வந்துவிட்டால் ஒன்றை அடுத்த சனிக்கிழமைக்கு எடுத்துவைத்தார்.

சனிக்கிழமை தவறாமல் "சுடா?" என்ற கேள்வி வரும். "பெலும், துவான்" என்ற பதில் போகும். நிஷிமுரா பூதக்கண்ணாடி வைத்து அந்த வார அழுக்கைப் பரிசோதிப்பார். பிடித்தால் "ம்" என்பார்.

எங்கே என்ன கறை இருந்தது என்பதில் கூலிக்காரர்கள் குடியிருந்த லயமே இரண்டு கட்சியானது. தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் குடத்தை வைத்துவிட்டு வாதாடினார்கள். எருமை முட்டிய பள்ளம் வலப்பக்கம் என்றாள் ராக்காயி என்கிற பால்வெட்டுக்காரி. இடப்பக்கம் என்றாள் மருதம்மாள்.

"எங்க அண்ணன் வண்டி எனக்குத் தெரியாதா?"

"முட்டுனது எங்க எருமை. எனக்குத் தெரியாதா?"

பள்ளம் வலப்பக்கம் விழுந்தது. எருமைக்காரி சொல்லை மறுக்க முடியவில்லை.

பச்சை உரிந்து துரு தெரிகிற இடங்கள்தான் அவரை ரொம்ப நாள் படுத்தின. கத்தியால் சுரண்டினால் சுரண்டின மாதிரியே இருந்தது. ஒரு மத்தியானம், துருப் பூச்சு ஈரமாக இருக்கும்போதே பக்கத்தில் கருவாடு தின்றுகொண்டிருந்தார். கருவாட்டு உப்பு பூச்சில் உதிர்ந்தது, அவர் கவனிக்கவில்லை. காய்ந்ததும் மேலே பச்சையைப் பூசினார். மறுநாள் சொரசொரவென்று இருக்கிறதே என்று கட்டைவிரலால் தேய்த்தார். உப்பு உதிர, உதிர்ந்த இடத்தில் எல்லாம் பச்சை போய்த் துரு தெரிந்தது. கடல் காற்றில் பத்து வருஷம் நின்ற தகடு போலவே இருந்தது. உடனே அடுப்படிக்குப் போய் உப்புச் சிரட்டையை எடுத்தார்.

"அத வைங்க கீழ" என்றாள் மருதம்மாள். "கோத்தா கோலா மூடாவுல இருந்து ஒருத்தன் சைக்கிள்ல மறைச்சுக் கொண்டாந்த உப்பு. சோத்துக்கே கிள்ளித்தான் போடுறேன். வண்டி உப்பில்லாமத் திங்காதா?"

"ஒரு சிட்டிகை. திருப்பி உதுத்து எடுத்துத் தர்றேன்."

"துரு ஒட்டுன உப்ப யாரு திங்கிறது?"

"நான் தின்னுக்கிறேன்."

அவர் தின்னவும் செய்தார். ரசம் இரும்பு வாசனை அடித்தது.

சுண்ணாம்புக் கறையை மருதம்மாளே போட்டாள். இருளப்பன் வெற்றிலை போட்டதும் விரலில் மிஞ்சிய சுண்ணாம்பை ஜன்னல் கம்பத்தில் இழுத்துத் துடைப்பார். நிஜ எஞ்சினில் அந்தக் கம்பம் வரிக்குதிரை மாதிரி இருந்தது. அவள் ஈர்க்கு நுனியில் சுண்ணாம்பைத் தொட்டு ஏழெட்டுக் கோடு இழுத்தாள். நிஷிமுரா பூதக்கண்ணாடியை அங்கே நிறுத்தி, இது என்ன என்று புருவத்தால் கேட்டார். பக்கிரிசாமி வெற்றிலை மடிப்பது, மெல்லுவது, விரலைத் துடைப்பது எல்லாம் நடித்துக் காட்டினார். நிஷிமுரா சிரித்தார். அவர் சிரித்து அன்றுதான் பார்த்தது. பிறகு அவர் தன் விரலை மேஜை விளிம்பில் அதே மாதிரி இழுத்துப் பார்த்தார்.

ஆயுத பூஜைப் பொட்டும் வந்து சேர்ந்தது. வருஷா வருஷம் எஞ்சின் நெற்றியில் வட்டமாகச் சந்தனம் அப்பி நடுவில் குங்குமம் வைப்பார்கள். மழையில் கரைந்து கீழே ஒரு சிவப்புக் கோடு இறங்கியிருக்கும். சந்தனத்துக்கு எங்கே போவது? மரவள்ளி மாவைக் குழைத்து வைத்தார். அது மஞ்சளாக வராமல் வெளுப்பாகவே நின்றது. நடுவில் சிவப்பு வட்டம். பரவாயில்லை என்று விட்டுவிட்டார்.

இப்படியே ஒரு வருஷம் போயிற்று. பதினைந்து பேர் போனார்கள், பிறகு பத்துப் பேர் போனார்கள். மூன்று மாதத்தில் வருகிறேன் என்ற இருளப்பன் வரவில்லை. குழாயடியில் கறைகளைப் பற்றி வாதாடுவது குறைந்தது. வாதாடியவர்களில் பாதிப் பேரின் புருஷன்மார் சயாமில் இருந்தார்கள். பக்கிரிசாமி வாளியோடு குழாயடிக்குப் போனால் பேச்சு நின்றது. அவர் வேறு நேரத்தில் தண்ணீர் எடுக்கப் பழகினார்.

1944 நடுவில் இன்னொரு சங்கடம் தெரிந்தது. எஞ்சினில் கறை வைக்க இனி இடம் இல்லை. மிச்சம் இருந்தது காலியான சீட்டு ஒன்றுதான்.

ஆளை அவர் ஏற்கெனவே செதுக்கியிருந்தார். ரப்பர் மரக் கட்டையில், கட்டைவிரல் உயரத்தில் இருளப்பன். முழங்கால் மடங்கி, வலது கை நெம்புகோலுக்கு நீண்டு, தலையில் துண்டு, இடது கன்னத்தில் வெற்றிலை வீக்கம். மருதம்மாள் அதைக் கையில் வாங்கிப் பார்த்ததும் உட்கார்ந்துவிட்டாள்.

"ஒக்கார வைங்க" என்றாள். "சத்தியம் பண்ணி ஒரு வருசமாச்சு. நீங்க வைக்காமத்தான் அண்ணன் வராம இருக்கு. ஆள் சீட்டுல ஒக்காந்தாத்தான் வண்டி கெளம்பும். கெளம்பினாத்தான வந்து சேரும்."

"வச்சா வேல முடிஞ்சிரும் மருதம்மா."

"முடியட்டுமே."

சயாம் பட்டியலில் தன் பெயர் இருப்பதை அவர் அதுவரை அவளிடம் சொன்னதில்லை. அன்று சொன்னார். அவள் பொம்மையையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அடுப்பில் கஞ்சி பொங்கி வழிந்தது, எழுந்து இறக்கிவைத்தாள். அப்புறம் திரும்பிப் பார்க்காமல் சொன்னாள்:

"நீங்க எப்படி நெனைக்கிறீங்களோ அப்படிச் செய்யுங்க. நான் ஒண்ணும் சொல்லல."

அது எவ்வளவு சொல்லியதென்று அவருக்குத் தெரியும். சனிக்கிழமை காலை பொம்மையை மடியில் செருகிக்கொண்டு பங்களாவுக்குப் போனார். வைத்துவிடுவது என்றுதான் போனார். பாதி வழியில் வேண்டாம் என்று நினைத்தார். வாசலில் மறுபடி வைத்துவிடுவது என்று நினைத்தார்.

உள்ளே, சுங்கை பட்டாணியிலிருந்து வந்த ஒரு ராணுவ அதிகாரி நின்றுகொண்டிருந்தார். காலில் உயர்ந்த பூட்ஸ், இடுப்பில் வாள். அருளம்பலம் ஒரு காகிதத்தோடு சுவரோரம் நின்றார். இன்னும் ஐந்து பேர் வேண்டும் என்று வந்திருக்கிறார்கள். பக்கிரிசாமி குனிந்து வணங்கினார். பொம்மை வயிற்றில் குத்தியது.

அதிகாரி எஞ்சினை ஒரு சுற்றுச் சுற்றினார். முன்பக்கம் வந்ததும் சட்டென்று நின்றார். வெளுத்த மாவு வட்டத்தின் நடுவில் சிவப்பு வட்டம். பக்கிரிசாமிக்கு அப்போதுதான் கண் திறந்தது. ஒரு வருஷமாக அது பொட்டாக மட்டுமே அவருக்குத் தெரிந்தது. அதிகாரிக்கு அது அவர் நாட்டுக் கொடி. அந்தக் கொடியிலிருந்து சிவப்பு ஒழுகுகிறது.

"இது என்ன?" என்று அதிகாரி கேட்டது எந்த மொழி என்றே தெரியவில்லை, கேட்ட விதத்தில் புரிந்தது. அருளம்பலத்தின் சட்டை மடிப்பு முதல் முறையாகக் கலைந்தது.

"சேர், அது கும்பிடுற அடையாளம்" என்றார் அருளம்பலம், பதற்றத்தில் தமிழிலேயே. பிறகு கை கூப்பிக் காட்டினார். பக்கிரிசாமியும் கை கூப்பினார். இரண்டு பேரும் ஒரு தகர எஞ்சினைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள்.

அதிகாரியின் முகம் இளகியது. கூலிக்காரர்கள் தன் கொடியைத் தினமும் கும்பிடுகிறார்கள் என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. விறைப்பாக நின்று, பொட்டுக்கு எதிரே இடுப்பை வளைத்து ஒரு வணக்கம் வைத்தார். மாரியம்மனுக்குக்கூட அந்தத் தோட்டத்தில் யாரும் அவ்வளவு குனிந்ததில்லை. நிமிர்ந்ததும் பக்கிரிசாமியைப் பார்த்து, "சுடா?" என்றார்.

பக்கிரிசாமி வாயைத் திறந்தார். கை மடிக்குப் போயிற்று.

"பெலும்" என்றது ஒரு குரல். நிஷிமுரா. அவர் விரலால் காலிச் சீட்டைத் தட்டிக் காட்டினார். "டிரைவர் பெலும்."

அதிகாரி குனிந்து சீட்டைப் பார்த்தார். தலையசைத்தார். அருளம்பலத்தின் காகிதத்தில் ஒரு பெயரின் மேல் பென்சில் ஓடியது. லாரி நாலு பேரோடு போயிற்றா, அடித்த பெயருக்குப் பதிலாக வேறு பெயர் விழுந்து ஐந்து பேரோடு போயிற்றா என்று பக்கிரிசாமி அன்று கேட்கவில்லை. பிறகும் கேட்கவில்லை. பயமா, வெட்கமா என்று யார் பிரித்துச் சொல்வது?

எல்லோரும் போன பிறகு அவர் வணங்கிவிட்டுத் திரும்பும்போது மடி அவிழ்ந்து பொம்மை தரையில் விழுந்தது. நிஷிமுரா எடுத்தார். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். துண்டின் மடிப்பைப் பார்த்தார், கன்னத்து வெற்றிலையைப் பார்த்தார், உலர்ந்துபோய்ப் பல நாளான பெயின்டை நகத்தால் தொட்டார். எல்லாம் முடிந்த ஒரு பொம்மை. பக்கிரிசாமி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார். நிஷிமுரா அவர் கையை இழுத்து, பொம்மையை உள்ளங்கையில் வைத்து, விரல்களை ஒவ்வொன்றாக மூடினார்.

"பெலும்" என்றார்.

நிஷிமுராவுக்கு இந்த இழுத்தடிப்பு முதலிலிருந்தே தெரியுமா, அன்றுதான் தெரிந்ததா என்பதில் பக்கிரிசாமிக்குக் கடைசி வரை ஒரு முடிவு கிடைக்கவில்லை. சயாமுக்கு இருளப்பனை ஏற்றி அனுப்பிய காகிதத்திலும் அதே நிஷிமுராவின் கையெழுத்துதான் இருந்தது. இரண்டையும் சேர்த்து ஒரு மனுஷனாக நினைக்க அவரால் முடியவில்லை.

வீட்டில் மருதம்மாள் மடியைப் பார்த்தாள். பொம்மை இருந்தது. புருஷனும் இருந்தார். சோறு போட்டாள்.

அதன் பிறகு ஒரு வருஷத்துக்கு மேல் டிரைவர் வந்துகொண்டே இருந்தார். ஒரு வாரம் கால் நீளம், ஒரு வாரம் துண்டின் நிறம் சரியில்லை, ஒரு வாரம் மழை. பொம்மை மடியிலேயே போய் மடியிலேயே திரும்பியது.

1945 ஆகஸ்டில் ஜப்பான்காரன் தோற்றுவிட்டான் என்ற செய்தி தோட்டத்துக்கு வந்தபோது, பக்கிரிசாமி மரத்துக்கு எண் போட்டுக்கொண்டிருந்தார். தூரிகையைப் போட்டுவிட்டு ஓடினார். லயத்தில் இருந்தவர்கள் சந்தோஷத்தில் ஓடுகிறார் என்று நினைத்தார்கள். அவர் பொம்மையை எடுத்துக்கொண்டு பங்களாவுக்கு ஓடினார். இனி வேலை முடிந்தால் லாரி இல்லை. மச்சானைச் சீட்டில் வைத்துவிட்டால் போதும்; ஒரு நிமிஷ வேலை, கோந்துகூடக் கையில் இருந்தது.

பங்களா திறந்து கிடந்தது. மேஜையில் எஞ்சின் இல்லை. அலமாரியில் இல்லை. நிஷிமுராவைக் காலையிலேயே ஜப்பான் ராணுவ லாரியில் கொண்டுபோய்விட்டதாகவும், கம்பளியில் சுற்றிய எதையோ அவர் மடியில் வைத்திருந்ததாகவும் அருளம்பலம் சொன்னார்.

"சுங்கை பட்டாணிக்கா?"

"அங்கையிருந்து எங்கையெண்டு ஆருக்குத் தெரியும், பக்கிரி."

அவர் சுங்கை பட்டாணி வரை நடந்தே போய்ப் பார்த்தார். ஜப்பான்காரர்களை ஏற்றிய லாரிகள் போய்விட்டிருந்தன.

அடுத்த வருஷம் சயாமிலிருந்து எலும்பும் தோலுமாகச் சிலர் திரும்பி வந்தார்கள். இருளப்பன் வரவில்லை. மழையில் ஒரு பாலத்துக்குப் பக்கத்தில் எஞ்சின் சரிந்தது, கூட அவரும் இருந்தார் என்றார் ஒருவர். இல்லை, அதற்கு முன்பே காய்ச்சலில் என்றார் இன்னொருவர்.

பக்கிரிசாமி அந்தப் பொம்மையை எறியவில்லை. பெட்டியில் பூட்டவும் மனம் வரவில்லை. தோட்டத்தை விட்டுப் பாக்கார் ஆராங்குக்குக் குடிவந்தபோதும் அது கூடவே வந்தது. ஜன்னல் கட்டையில் வைத்தார், சாமி படத்துக்குக் கீழே வைத்தார், தீப்பெட்டியைச் சீட்டாக்கி அதன் மேல் வைத்தார். வேறு ஒரு எஞ்சின் செய்து அதில் வைக்கலாமே என்று மருமகன் சொன்னான். அது மச்சான் வண்டி இல்லையே என்றார். உட்காருகிற பாவனையில், நெம்புகோலுக்குக் கை நீட்டிச் செதுக்கிய ஆள். அந்தச் சீட்டைத் தவிர எங்கே வைத்தாலும் ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மருதம்மாள் கடந்துபோகும்போதெல்லாம் நிமிர்த்திவைத்தாள்.

1971-இல் பக்கிரிசாமி இறந்தார். மச்சானை உட்காரவைப்பதாகத் தன் தலையில் கை வைத்துச் சொன்ன சீட்டு எந்த ஊரில் எந்த மேஜையில் இருக்கிறதோ, இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.